லேபிளின் மேல்கோடு வரை

காலை ஐந்தேகாலுக்கு எழுவேன். மோட்டார் போடுவேன். மேல்தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் பல் தேய்த்து, பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சி, டீ குடித்துவிடலாம். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். மோட்டாரை நிறுத்துவேன். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைப்பேன். மூன்றாவது விசில் வரும்போது குளித்துக்கொண்டிருப்பேன். எட்டேமுக்காலுக்கு வீட்டைப் பூட்டுவேன். பி.காம். படித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் இதே வரிசைதான். எட்டேமுக்காலுக்குப் பிறகு ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

என் மனைவி கலைமதி இறந்து எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல். ஐந்து நாள். எங்கள் மகள் தமிழ்மொழிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. கருமாதி முடிந்த அன்று அத்தை அவளைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனார். அத்தை என்றால் என் மாமியார் காசியம்மாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு.

கொஞ்ச நாள் வளர்ந்துகொண்டே போனது. காரணம், கலைமதி கடைசியாகச் சொன்னதாக அத்தை எல்லோரிடமும் சொல்லிவந்த ஒரு வாக்கியம். "எம்மா, பாப்பாவ நீயே வளத்துக்கோன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா." கருமாதிப் பந்தலில் முதலில் சொன்னார். பிறகு பால்காரரிடம், ரேஷன் கடையில், பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம். இறந்தவளே சொன்ன பிறகு யார் பேசுவது? எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். அந்தக் கடைசி நிமிடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். அத்தை அங்கே இல்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. விழுப்புரத்தில் பாப்பாவுக்கு எல்.கே.ஜி.யில் இடம் வாங்கிவிட்டேன். அதைச் சொல்லி அழைத்து வரலாம் என்று மே மாத முதல் ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். பாப்பா டேங்க் மேல் உட்கார்ந்து ஒரு ரவுண்டு கேட்டாள். போனோம். மேம்பாலத்துக்குப் பக்கத்து வேகத்தடையில் வண்டியின் முன்பக்கம் டக்கென்று இறங்கி, டக்கென்று எழுந்தது. பாப்பாவின் உதடு ஸ்பீடோமீட்டரில் பட்டது. இரண்டு சொட்டு ரத்தம். பாப்பா அழவில்லை. அத்தை அழுதார்.

"இந்த வண்டியில எம் பேத்தி ஏற மாட்டா. மொதல்ல வண்டிய சரி பண்ணு மாப்ள. அப்பறம் பாக்கலாம், புள்ளய அனுப்புறதா வேணாமான்னு."

வண்டி இருபது வருடப் பழைய ஸ்ப்ளெண்டர். கல்யாணத்துக்கு மாமனார், அதாவது மாமா, கொடுத்தது. கொடுக்கும்போதே அதற்குப் பதினான்கு வயது. இதை நான் அப்போது சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. வெளியே தெருவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பக்கம் இரண்டு ஃபோர்க் இருக்கிறது. இரண்டும் குழாய்கள்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் ஆயில். ஆயில் இருந்தால் வண்டி பள்ளத்தில் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும். குழாயின் வாயில் உள்ள ரப்பர் சீல் தேய்ந்தால் ஆயில் ஒழுகிவிடும். பிறகு வெறும் ஸ்பிரிங்தான். என் வண்டியில் ஒழுகுவதற்குக்கூட ஆயில் மிச்சமில்லை.

கடையில் விட்டால் மெக்கானிக் சேட்டு செய்துகொடுப்பார். நல்ல மனிதர். அதுதான் சிக்கல். என்னைப் பார்த்தவுடன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பார். டீ வரும். அவர் கண் கலங்கும். நான் அவரைத் தேற்ற வேண்டும். போனமுறை செயின் மாற்றப் போய் செயினை மாற்றாமலே திரும்பினேன். இந்தமுறை ஆயிலும் சீலும் மட்டும் வாங்கிக்கொண்டேன். வீட்டிலேயே செய்கிறேன் என்றேன்.

"நீயா?" என்றார். பிறகு, "செய்யி. மனசுக்கு ஒரு வேல வோணும்ல" என்று ஆரம்பித்தார்.

"ஆயில் எவ்ளோ ஊத்தணும்ணே?" என்று கேட்டேன்.

சேட்டு உள்ளே போய் இரண்டு காலிக் குவார்ட்டர் பாட்டில்களை எடுத்து வந்தார். பிராந்தி பாட்டில்கள். லேபிள் பளபளவென்று இருந்தது.

"லேபிள்ல மேல்கோடு தெரிதா? அதுவரிக்கும் ஊத்து. ஒரு ஃபோர்க்குக்கு ஒண்ணு."

"வீட்ல இங்க் ஃபில்லர், மருந்து கப்பு எல்லாம் இருக்குண்ணே."

"அத வெச்சி இருமலுக்கு ஊத்து. முப்பது வருசமா எங்க கடையில இதான் அளவு. ரெண்டுலயும் ஊத்திட்டு, பக்கத்துல பக்கத்துல வெச்சி, கண்ணுக்கு நேரா குனிஞ்சி பாரு. ரெண்டும் ஒரே மட்டமா இருக்கணும். ஏறக்கொறைய ஊத்தின, வண்டி பேஜாரு பண்ணும். இன்னொண்ணு. கழுவுறேன்னு லேபிளக் கிழிச்சிப்புடாத. லேபிள் இல்லன்னா அது வெறும் பாட்டிலு."

நான் குடிப்பதில்லை. எனவே இரண்டு குவார்ட்டர் பாட்டில்களோடு தெருவில் நடப்பது எப்படி என்று தெரியவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

அடுத்த ஞாயிறு. மோட்டார், பால், டீ, டம்ளர். ஆறு மணிக்குப் பின்கட்டில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் இரண்டு சிமெண்ட் கல் வைத்தேன். முன்சக்கரம் கழன்றது. மட்கார்டு கழன்றது. ஃபோர்க்கின் தலையில் ஒரு மூடி போல்ட் இருக்கிறது. அதற்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கும். கடைசி மரையில் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். நான் எட்டிப் பார்த்துக்கொண்டு திறந்தேன். போல்ட் என் நெற்றியில் அடித்தது. பின்னாலேயே மிச்சமிருந்த பழைய ஆயில் இரண்டு கண்ணிலும் தெறித்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். கண் இன்னும் சிவந்தது.

இரண்டாவது ஃபோர்க்கில் அமுக்கிப் பிடித்தேன். அனுபவம்.

இரண்டு ஃபோர்க்கையும் உருவித் தரையில் கிடத்தினேன். புது ஆயிலை இரண்டு பாட்டிலிலும் மேல்கோடு வரை ஊற்றித் துணி துவைக்கும் கல்மேல் வைத்தேன். ஆயில் தேன் நிறம். மூடி போட்டேன், தூசு விழக்கூடாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணுக்கு நேராகப் பார்த்தேன். இடதுபக்கப் பாட்டிலில் ஒரு நூல் குறைவு. மூடியைத் திறந்து இரண்டு சொட்டு விட்டு, திரும்ப மூடினேன். மறுபடி பார்த்தேன்.

அடுத்தது, சீலின் மேல் உட்கார்ந்திருக்கும் கம்பி வளையம். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வரும் என்று சேட்டு சொல்லியிருந்தார். வந்தது. வந்த வேகத்தில் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனது.

பக்கத்து வீடு செண்பகம் அக்கா. அத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. கல்யாணத்துக்கு என் ஜாதகத்தைத் திண்டிவனத்துக்கு எடுத்துப் போனவரே அவர்தான். சுவருக்கு மேல் அவருடைய தலை தெரிந்தது.

"தம்பி, உங்கூட்லருந்து ஒரு வளையம் வந்து எங்க காயப்போட்ட மல்லாட்டைக் கொட்டையில வுழுந்துச்சி. உன்துதானா..."

என் நெற்றியைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். துவைக்கும் கல்லைப் பார்த்தார். கல்லில் இருந்த இரண்டு பாட்டில்களையும் தனித்தனியாகப் பார்த்தார்.

"காலங்காத்தாலயேவா தம்பி?"

"வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடலாம்னுக்கா."

"ஒண்டியாவா?"

"யாராவது புடிச்சா நல்லாத்தான் இருக்கும். யார் வர்றா?"

செண்பகம் அக்கா வளையத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். இவரும் ஆறுதல் சொல்லப்போகிறார் போலும் என்று பயந்தேன். சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஏழு மணிக்கு அத்தையிடமிருந்து போன்.

"மாப்ள, எங்க கீற?"

"வீட்ல அத்தை."

"எங்கயும் போயிடாத."

முன்சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. "எங்கயும் போக முடியாது அத்தை" என்றேன். மறுமுனையில் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. டிவி என்று நினைத்தேன்.

ஏழரைக்கு இன்னொரு போன். "பஸ் ஏறிட்டம். நீ எதையும் தொடாத. அப்பிடியே வெச்சிரு."

அதற்குள் அத்தைக்கு ஃபோர்க் பற்றி எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை. "தொடாம எப்பிடி அத்தை? பாதியில வுட முடியாதே" என்றேன். போன் துண்டித்தது.

எட்டு மணிக்கு மாமாவின் போன். மாமா பச்சைமுத்து போனில் பேசினால் ஊருக்கே கேட்கும். அன்று கிசுகிசுத்தார். "விக்கிரவாண்டி டோல்கேட்ல நிக்கிறம். ஒரே வண்டி. மாப்ள, அவ வர்றதுக்குள்ள பாட்டில எங்கனா போட்டுடு. நான் ஒண்ணும் கேக்கல." பின்னணியில், "யார்கிட்ட பேசுற?" என்று அத்தையின் குரல். "ராங் நம்பரு" என்றார் மாமா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓடிப்போய் ஒளித்து வைக்கலாமா என்று யோசித்தேன். குடிக்காத ஒருவன் குடித்ததை மறைப்பதுபோல் இருக்கும். தவிர, பாட்டிலை நகர்த்தினால் மட்டம் கலைந்துவிடும். சீலை உட்கார வைக்கும் வேலையைத் தொடர்ந்தேன்.

ஒன்பது மணிக்கு வந்தார்கள். அத்தை, மாமா, அத்தையின் இடுப்பில் பாப்பா. சுவருக்கு மேல் செண்பகம் அக்கா தயாராக இருந்தார்.

நான் எழுந்தேன். மூன்று மணி நேரம் குத்துக்காலிட்டிருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்தேன். நெற்றியில் வீக்கம். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். அத்தை ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாத்தியாடி செம்பகம்! நிக்க முடியல!"

"அத்தை, இது வண்டிக்கு."

"வண்டிக்காம்! வண்டி குடிக்குதாம்! கேளுங்க நாயத்த. எம் பொண்ணு தெரிஞ்சிதான் சொன்னா. பாப்பாவ நீயே வளத்துக்கோம்மான்னு வாயத் தொறந்து சொன்னா. இந்த வூட்ல எம் பேத்திய நான் வுடுவனா? இனிமே இந்தப் பேச்சே கெடையாது. எல்கேஜியாம், எல்கேஜி!"

சாதாரணமாக நான் தரையைப் பார்க்கும் இடம் இது. பார்த்தேன். தரையில் இரண்டு ஃபோர்க், மட்கார்டு, பதினொரு போல்ட் இருந்தன. பாப்பா மட்டும் வண்டியைப் பார்த்தாள்.

"அப்பா, வண்டி மூஞ்சி எங்க?"

"கழட்டி வெச்சிருக்கேன்மா."

மாமா தொண்டையைக் கனைத்தார். "காசி, செத்த இரு. ஆள் மேல பழி போடறதுக்கு முன்னாடி பாத்துரணும்." துவைக்கும் கல்லை நெருங்கினார். ஒரு பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்தார். லேபிளைப் படித்தார். அதை அவர் படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதுபோல் ஒரு முகம். இரண்டே விரலால், ஒரே திருகில் மூடியைக் கழற்றினார்.

"மாமா, வேணாம்!" என்றேன்.

"வுடு மாப்ள. எனக்குத் தெரியாததா?"

ஒரு மடக்கு வாயில் போனது. மாமாவின் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எல்லாம் இருந்தது. செம்பருத்திச் செடிவரை ஓடித் துப்பினார். குழாயடியில் வாய் கொப்பளித்தார். மறுபடி துப்பினார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். செண்பகம் அக்காவைச் சேர்த்தால் நான்கு பேர்.

"ஆயிலு" என்றார் மாமா. "சத்தியமா ஆயிலுதான். இந்த பிராந்தி இப்பிடி இருக்காது."

அத்தை பாப்பாவை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"எது எப்பிடி இருக்காது?"

"இல்ல காசி, பொதுவா சொன்னேன்."

"பொதுவாவா? மூடிய தொறந்த அழகு நான் பாக்கல? நானு கேப்பைக் களி கிண்டிக்கினு கெடக்கறேன், நீ மாட்டுத் தீவனம் வாங்கப் போறேன், தீவனம் வாங்கப் போறேன்னு சாயங்காலமானா போவியே, இதானா தீவனம்?"

அடுத்த கால் மணி நேரம் என்மேல் யாருக்கும் கவனம் இல்லை. நான் சீல் வேலையை முடித்தேன். பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் சீல் நேராக உட்காரும். வளையத்தைப் போட்டேன். மாமா குடித்த பாட்டிலில் மேல்கோட்டுக்கு அரை விரல் குறைந்திருந்தது. ஊற்றிச் சரிசெய்தேன்.

திட்டி முடித்த அத்தை திரும்பிப் பார்த்தபோது, நான் பாட்டிலைக் கவிழ்த்து ஃபோர்க்குக்குள் ஊற்றிக்கொண்டிருந்தேன். கடைசிச் சொட்டுவரை பார்த்தார்.

"இதுக்கா பாட்டிலு?"

"இதுதான் அளவு அத்தை. லேபிள் மேல்கோடு வரை."

"இத வாயத் தொறந்து அந்தச் செம்பகத்துகிட்ட சொல்லக் கூடாதா?"

"அவங்க கேக்கல."

சுவருக்கு மேல் இருந்த தலை இறங்கிவிட்டது.

ஃபோர்க்கைச் சொருகும்போது ஒருவர் பிடிக்க வேண்டும். மாமா மிகுந்த ஆர்வத்தோடு முன்வந்தார். அத்தையின் பார்வை படாத பக்கமாக நின்று பிடித்தார். பாப்பா போல்ட் எடுத்துக் கொடுத்தாள். கேட்டதைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தாள். பதினொன்றரைக்கு வண்டி தன் காலில் நின்றது. ஹேண்டில்பாரை அமுக்கினேன். மெதுவாக இறங்கியது. மெதுவாக ஏறியது. சத்தமே இல்லை. எட்டு மாதத்தில் நான் ஒழுங்காகச் செய்த முதல் காரியம் என்று தோன்றியது.

"அமுக்கிக் காட்னா ஆச்சா?" என்றார் அத்தை. "ரோட்ல காட்டு."

உள்ளே போனார். ஒரு சொம்பில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிறைத்துக்கொண்டு வந்தார்.

"நான் பின்னாடி குந்திக்கறேன். தெருமொனை வரிக்கும் போய் வா. மூணு வேகத்தடை கீதில்ல? ஒரு சொட்டு சிந்திச்சி, பாப்பா எங்கூட பஸ்ஸு ஏறுவா. சிந்தல, அப்பறம் பேசலாம்."

"நிதானமா போய்ட்டு வாங்க" என்றார் மாமா. அவருக்கு அந்த நேரம் மிகவும் தேவைப்பட்டது.

அத்தை ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தார். ஒரு கை என் தோளில், இன்னொரு கையில் சொம்பு. ஞாயிற்றுக்கிழமை பகலில் மாமியாரைச் சொம்போடு பின்னால் உட்கார வைத்து முதல் கியரில் போகிறவனைப் பார்க்கத் தெருவில் எல்லா வாசலுக்கும் ஆள் வந்தது.

பாதி வழியில்தான் எனக்கு அது உறைத்தது. நான் பழுது பார்த்தது முன்பக்கம். அத்தை உட்கார்ந்திருப்பது பின்பக்கம். பின்பக்க ஷாக் அப்சார்பரை நான் தொடவே இல்லை. அதற்கும் இருபது வயது.

முதல் வேகத்தடை. முன்சக்கரம் பூப்போல ஏறி இறங்கியது. பின்சக்கரம் தூக்கிப் போட்டது. ஜில்லென்று தண்ணீர் என் பிடரியில் விழுந்து முதுகு முழுக்க இறங்கியது. இரண்டாவது வேகத்தடையில் மிச்சத்தில் பாதி. மூன்றாவதில் என் சட்டை இடுப்போடு ஒட்டிக்கொண்டது.

தெருமுனையில் வண்டியைத் திருப்பினேன். இனி பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பதுதான் பாக்கி. பாப்பா கையாட்டுவாள். நான் உள்ளே வந்து டம்ளரைக் கழுவுவேன்.

"சிந்தல" என்றார் அத்தை.

நான் தலையைத் திருப்பினேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. ஒரு சொட்டு சிந்தல மாப்ள. வண்டி நல்லாத்தான் பண்ணிக்கீற." சொம்பு என் முதுகில் முட்டியது. "பாப்பா இன்னிக்கே உங்கிட்ட இருக்கட்டும். துணிமணி பொதன்கெழம கொண்டாரேன். நானு சனி ஞாயிறு வருவேன். வேணான்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் அத்தை."

என் முதுகிலிருந்து தண்ணீர் சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் மெதுவா போ. இப்பிடியே முன்னாடி பாத்துக்கினு இரு." தோளில் இருந்த கை கொஞ்சம் அழுந்தியது. "அன்னிக்கு நான் அங்க இல்ல."

"தெரியும் அத்தை."

"மாத்திரை வாங்கக் கீழ போயிருந்தேன். லிப்ட்டு வரல."

"தெரியும்."

"பந்தல்ல வந்தவங்க எல்லாம் அதான் கேட்டாங்க. பெத்தவகிட்ட இன்னா சொல்லிச்சி, இன்னா சொல்லிச்சின்னு. ஒண்ணும் சொல்லலன்னு எப்பிடிச் சொல்றது? வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அப்பறம் அதயே சொல்லிக்கினு திரிஞ்சேன். நீயும் ஒரு வார்த்த மறுத்துப் பேசல."

வேகத்தடை வந்தது. மிக மெதுவாக ஏற்றி இறக்கினேன்.

"நெஜமா இன்னாதான் சொன்னா மாப்ள? என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

சொன்னாள். எட்டு மாதமாக நான் அதை வெளியே சொல்லாததற்கு ஒரே காரணம், சொன்னால் அத்தை எல்லோர் முன்னும் பொய் சொன்னவராகிவிடுவார் என்பதுதான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அவள் சொன்னபடியே சொன்னேன்.

"எங்கம்மா வந்தா சாப்ட்டியான்னு கேளு. சாப்ட்டேன்னு சொல்லும். பொய் சொல்லும்பா, நம்பாத. ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்துட்டு, அது தின்னு முடிக்கிற வரிக்கும் பக்கத்துலயே நில்லு."